கொக்குக்குக் கொடுத்த வாக்கு

மூன்று கொக்குக் கம்பனியில் லீவு கேட்பதற்குத் தடை எதுவும் கிடையாது. தாராளமாகக் கேட்கலாம். கேட்டவுடன் மனேச்சர் எழுந்து நின்று, உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, மனதில் உள்ளதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்வார். பிறகு, லீவே வேண்டாம் என்று நீங்களாக விரும்பிச் சத்தியம் செய்ததை நினைவுபடுத்துவார். அவ்வளவுதான், நீங்கள் திரும்பிப் போய்ப் பெட்டி கட்டும் வேலையைப் பார்க்கலாம். உலகம் முழுவதும் கிளை வைத்திருக்கும் தங்கள் கம்பனி இன்றுவரை ஒருவருக்கும் லீவு மறுத்ததில்லை என்று சுவரில் ஒரு பலகையே தொங்க விட்டிருக்கிறார்கள்.

அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஹென்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் ஷெரோனுக்குக் கலியாணம். மண்டபம் பிடித்தாயிற்று. மாதா கோவில் சுவாமியாரிடம் நேரம் வாங்கியாயிற்று. மாப்பிள்ளை விதுர்சனுக்குக் கோட்டும் தைத்தாயிற்று. பெண்ணின் தகப்பனுக்கு மட்டும் லீவு இல்லை. நெஞ்சில் கைவைத்து லீவு வேண்டாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதிலும் பெரிய கொடுமை, மற்றவர்களைச் சொல்ல வைத்தவரே அவர்தான்.

இந்த வினை எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மூன்று கொக்கு, தென்சீனத்தில் தலைமையகம் உள்ள ஒரு விற்பனைக் கம்பனி. கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் செருப்பு முதல் ஏணி வரை வாசலில் கொண்டுவந்து போடும். அதன் மொன்றியல் களஞ்சியம் புவாண்ட்-கிளேரில், நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. அங்கே முதலில் வேலைக்குப் போன தமிழர் ஹென்றி. மன்னார்க்காரர், செயின்ட்-மிஷேலில் வீடு, ஞாயிறு பூசைக்கு முன் செபமாலை சொல்லிக் கொடுப்பவர். குரல் என்றால் அதுதான் குரல். ஒலிவாங்கி பழுதானாலும் கோவிலில் கடைசி வாங்கில் இருப்பவர் வரைக்கும் கேட்கும். இன்னும் ஆள் வேண்டும் என்று கம்பனி சொன்னதும் மனைவி சிசிலியின் தம்பி றெனோல்ட்டைக் கூட்டிக்கொண்டு போனார். றெனோல்ட் தன் மனைவியைக் கூட்டி வந்தான். அவள் பாடகர் குழுவையே கூட்டி வந்துவிட்டாள். கொஞ்சக் காலத்திலேயே அந்தக் கோவில் பங்குச் சனத்தில் வேலைக்குப் போகக்கூடிய நாற்பது பேர் கொக்குக் கம்பனியில் நின்றார்கள். அங்கே கோவிலுக்குப் போகாத ஒரே தமிழர் கணினி பார்க்கும் ஹரிபிரசாத். அவர் சென்னைக்காரர். இந்த நாற்பது பேரையும் அவர் தினமும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு லியூ வந்தாள். கம்பனியின் பண்பாட்டை மொன்றியலில் நிலைநாட்டுவதற்கென்றே தலைமையகம் அனுப்பிய மனேச்சர் அவள். முப்பது தாண்டியிருக்கும். எப்போதும் ஒரு சிவப்பு மேற்சட்டை. உட்கார நேரமில்லாமல் கோப்பை நூடில்ஸை நின்றபடியே சாப்பிடுவாள். அதைக் கண்ட நாளிலிருந்து பெண்கள் அவளுக்கு வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள், லியூ பிள்ளை என்று கூப்பிட்டார்கள். அவளும் ஹென்றியை அண்ணை என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். மற்றபடி அவர்களுக்குள் ஓடியது பாதிப் பிரெஞ்சும் பாதி ஆங்கிலமும். அதை இங்கே தமிழில் சொல்லிவிடுவோம், யாருக்கும் கஷ்டம் வேண்டாம்.

தலைமையகத்தின் கட்டளைப்படி ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று கம்பனியின் பொன்மொழிகளை உரத்துச் சொல்ல வேண்டும். அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். முதல் நாள் லியூ பிரெஞ்சில் வாசித்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி வாசித்தாள். யாரோ செருமினார்கள். பிள்ளையின் முகம் அவள் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. ஹென்றிக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்று, பொன்மொழிகளைத் தமிழாக்கி, தனக்குத் தெரிந்த ஒரே ராகத்தில், அதாவது கோவிலில் ஒருவர் சொல்லச் சனம் பதில் சொல்லும் மன்றாட்டுமாலையின் ராகத்தில், எடுத்து விட்டார்.

"வாடிக்கையாளரே முதன்மையானவர்" என்று அவர் இழுத்து நிறுத்தினார். அந்த இழுவையைக் கேட்டதும் பெட்டி ஒட்டும் பகுதி ஜெயனியக்காவுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்றைய பெட்டி இன்றைக்கே போகும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். களைப்பு என்பது மனதின் சோம்பல். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். கடைசிப் பொன்மொழி முடிந்ததும் றெனோல்ட் ஆமென் போட்டு முடித்து வைத்தான்.

லியூவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையகத்தில் இதே பொன்மொழிகளை எல்லோரும் கைபேசியைப் பார்த்தபடி முணுமுணுத்ததைத்தான் அவள் கண்டிருக்கிறாள். இங்கேயோ நாற்பது பேர் கண்ணை மூடி, கை குவித்துச் சொல்கிறார்கள். படம் போனது. மறுநாளே பதில் வந்தது. மொன்றியல் கிளைக்குப் பண்பாட்டில் முழு மதிப்பெண். அப்படி ஒரு மதிப்பெண் இருப்பதே ஹென்றிக்கு அன்றுதான் தெரியும். அவருக்குப் பண்பாட்டு முன்னோடி என்று ஒரு பட்டமும், சட்டையில் குத்த ஒரு கொக்குச் சின்னமும் கிடைத்தன.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பனிக்காலத்தில் அடுத்த சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் தாங்களாக முன்வந்து லீவைத் துறந்து, தன்னார்வ உழைப்பாளர் என்னும் உயர்ந்த நிலையை அடையலாம். இதில் கட்டாயம் எதுவும் கிடையாது. முன்வராதவர்கள் இருந்தால் அந்தக் கிளையின் மனேச்சர் தலைமையகத்துக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும்.

லியூ பிரெஞ்சில் கேள்வியை வாசிக்க, ஹென்றி தமிழில் திருப்பினார். இங்கேதான் அவருடைய நாக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய இரவுப் பாஸ்குத் திருவிழிப்பில், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமியார் கேட்பதும், மெழுகுதிரி பிடித்த சனம் விட்டுவிடுகிறோம் என்று பதில் சொல்வதும் அவருக்கு ஐம்பது வருடப் பழக்கம். துறத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் குரல்தான் வந்தது.

"ஓய்வு நாட்களை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறோம்" என்றன நாற்பது குரல்கள், ஒரு கணமும் யோசிக்காமல்.

காய்ச்சல் வந்தால் வீட்டில் படுத்திருக்கும் ஆசையை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். விட்டுவிட்டார்கள். குடும்ப நிகழ்வுகளுக்கான லீவை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். அதையும் விட்டுவிட்டார்கள். அவற்றின் எல்லா மாயக் கவர்ச்சிகளையும் விட்டுவிடுகிறீர்களா என்றும் கேட்டார். அது சுற்றறிக்கையில் இல்லை, ஒரு வேகத்தில் வந்தது. அதையும் விட்டார்கள். நெஞ்சில் கை, நிமிர்ந்த தலை. படம் பிடித்துக்கொண்டிருந்த ஹரிபிரசாத் ஒருமுறை கையை உயர்த்தி ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் சத்தியம் முடிந்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் றெனோல்ட் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான். "அத்தான், நாங்கள் இப்ப என்னத்தை விட்டனாங்கள்?" என்று கேட்டான்.

ஹென்றிக்கு அப்போதுதான் ஷெரோனின் கலியாணம் நினைவுக்கு வந்தது.

இந்த மாகாணச் சட்டப்படி அப்படியொரு சத்தியமே செல்லாது என்று ஹரிபிரசாத் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "மக கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு சட்டமே தருது சார். கம்பெனி யாரு அதைத் தடுக்க?" என்றார். கம்பனி தடுக்கவில்லையே என்றார் ஹென்றி. சட்டம் தரும்தான், ஆனால் தான் நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்று சொல்லியாயிற்றே. கோவில் வாக்கைக் கேட்கும் குரலில் கேட்டு, கோவிலில் சொல்லும் குரலில் பதில் சொன்ன பிறகு, அதைக் கொக்குக் கம்பனி விஷயம்தானே என்று தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. போதாததற்கு, முன்னோடியே வராவிட்டால் பழி லியூ பிள்ளையின் தலையில் விழும் என்ற கவலை வேறு.

சிசிலியிடம் இந்த நியாயம் எடுபடவில்லை. அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். "கொக்குக்குக் குடுத்த வாக்குக்காகப் பிள்ளையை நான் தனியக் கையில பிடிச்சுக்கொண்டு போறதோ? கோவில்ல எனக்குக் குடுத்த வாக்கு அப்ப என்ன மாதிரி?" என்றார். ஷெரோன் சண்டை பிடிக்கவில்லை. அப்பா வராவிட்டால் கலியாணத்தைத் தள்ளிப் போடுவம் என்று பிரெஞ்சில் மெல்லச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்து வந்தது தன்னாய்வுக் கூட்டம். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் எழுந்து தன் குறையைத் தானே சொல்ல வேண்டும். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். குறைகளைக் கணினியில் ஏற்றிப் புள்ளி வெட்டுவார்கள். இதைச் சொல்லி முடித்துவிட்டு லியூ காத்திருந்தாள். நாற்பது பேரும் அவளை ஏதோ தகாத வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பாவத்தைச் சபையில் சொல்வதா? ஜெயனியக்காதான் பிள்ளைக்கு முறை தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூடுபோலப் பெட்டிகளை அடுக்கி ஒரு மறைப்புக் கட்டச் சொன்னார். நடுவில் ஒரு இடைவெளி விட்டு, அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டு லியூவை இருத்தினார். பிறகு எல்லோரும் இந்தப் பக்கம் வரிசையில் நின்றார்கள். முழங்கால் நோகாதவர்கள் முழந்தாளிட்டார்கள்.

லியூவின் காதில் விழுந்ததில் பாதி தமிழ், அது அவளுக்கு விளங்கவில்லை. மாமியாரோடு பிடித்த சண்டை, மச்சாளின் புது வீட்டைப் பார்த்துப் பட்ட பொறாமை, இறைச்சி தின்னக்கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை மறந்துபோய்த் தின்ற கோழிக்கால். கம்பனி சம்பந்தமாக ஒரு குறையும் வரவில்லை. சொல்லி முடித்தவர்கள் எழும்பிப் போகாமல் காத்திருந்தார்கள். என்ன வேண்டும் என்று அவள் கேட்டாள். அபராதம் வேண்டும் என்றார்கள். அபராதம் என்றால் காசு அல்ல, பாவத்துக்கு ஈடாகச் சொல்லும் செபம். அவளுக்குத் தெரிந்தது பொன்மொழிதான். அதை மூன்று தரம் சொல்லும்படி சொல்லி, சரி, போங்கள் என்றாள். அவர்கள் முகம் தெளிந்து போனார்கள். சொன்னதைக் கணினியில் ஏற்றலாமா என்று பிறகு அவள் ஹென்றியிடம் கேட்டபோது அவர் திடுக்கிட்டுப் போனார். மன்னித்தது மன்னித்ததுதான், அதை இனி மூச்சுவிடக் கூடாது என்றார். அதனால் லியூ தலைமையகத்துக்கு ஒரே வரிதான் எழுதினாள். மொன்றியல் ஊழியர்கள் மனதின் அடி வரைக்கும் திறந்துவிட்டார்கள் என்று.

தலைமையகம் ஆடிப்போய்விட்டது. எந்தக் கிளையிலும் நடக்காத அதிசயம். இதை நேரில் காணத் துணைத் தலைவரே புறப்பட்டு வருவதாக அறிவித்தார்கள். அந்தக் கம்பனியில் மேலே உள்ளவர்கள் எல்லோரும் பழைய வீரர்களைப் போலத் தங்களுக்கு ஒரு பெயர் சூட்டிக்கொள்வார்கள். இவர் சூட்டிக்கொண்ட பெயர் தென்காற்று. பட்டப்பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் மனிதரை றெனோல்ட் அன்றுவரை கேள்விப்பட்டதில்லை. மரியாதைக்காகத் தென்காற்றார் என்று சொல்லப் பழகிக்கொண்டான். தென்காற்றார் வரும் நாள், ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை. எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவும் வேண்டுமோ.

ஹென்றி லீவு கேட்டார். லியூ எழுந்து நின்று, கையைக் குலுக்கி, நன்றி சொன்னாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணை, என் அப்பா ஒரு அரசாங்க ஆலையில் வேலை செய்தவர்" என்றாள். "வீடு ஆலை தந்தது. நான் பிறந்தது ஆலை ஆஸ்பத்திரியில், முதல் வகுப்புப் படித்தது ஆலைப் பள்ளிக்கூடத்தில். கலியாணம் கட்டுவதற்கும் ஆலையிடம்தான் கேட்க வேண்டும், அது கொஞ்சம் தொல்லை. காலையில் ஒலிபெருக்கியில் பாட்டும் பொன்மொழியும் போடுவார்கள். பிறகு ஆலையை மூடினார்கள். வீட்டை விற்றார்கள். ஆஸ்பத்திரியை விற்றார்கள். பள்ளிக்கூடத்தை இடித்தார்கள். பாட்டை மட்டும் ஒருவரும் வாங்கவில்லை. அது சும்மா கிடந்தது. கம்பனிகள் எடுத்துக்கொண்டன."

இப்போது அங்கே இளையவர்கள் அந்தப் பாட்டைப் பாடக் களைத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். அவளுடைய சித்தி மகன் நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்தேயிருக்கிறான். அப்படிப் பலர். படுத்திருத்தல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அதை எதிர்த்துக் கம்பனி ஒரு கருத்தரங்கு நடத்தியது. போனவர்கள் எல்லோரும் அங்கேயே தூங்கிவிட்டார்கள். அவளும் தலைமையகத்தில் இருந்தபோதே அந்தச் சத்தியம் செய்தவள்தான். அதனால் புதுவருடத்துக்கு அம்மாவிடம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவள் ஹென்றியைப் பார்க்கவில்லை, மேசை மேலிருந்த ரோல்ஸ் பொதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொல்லாத மனேச்சராக ஒருத்தி வந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இந்தப் பிள்ளையிடம் என்னத்தைக் கோபிப்பது என்று ஹென்றி கலியாண அழைப்பிதழை எடுத்துக் கொடுத்துவிட்டு எழும்பி வந்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. தென்காற்றார் வருமுன் எல்லோர் மனமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் அன்று பின்னேரம் ஒரு விசேட தன்னாய்வு. லியூ பெட்டிகளுக்குப் பின்னால் போய் முக்காலியில் இருந்தாள். முதலில் றெனோல்ட் போனான். நாளைக்கு நான் வரமாட்டன், அதுதான் என் பாவம் என்றான். அடுத்து அவன் மனைவி. அவளும் நாளைக்கு வரமாட்டாள். ஜெயனியக்கா, பாடகர் குழு, பாரந்தூக்கி ஓட்டுகிறவர்கள், எல்லோருக்கும் அதே பாவம். ஐந்தாறு பேர் போன பிறகுதான் லியூவுக்கு உறைத்தது. ஷெரோனின் கலியாண விருந்தினர் என்றால் அது இந்தக் களஞ்சியம்தான்.

கடைசியாக ஹென்றி வந்து முழந்தாளிட்டார். வரிசையில் மற்றவர்கள் சொன்னது அவருக்குத் தெரியாது. "பிள்ளை, நாளைக்கு நான் சத்தியத்தை முறிக்கப் போறன்" என்றார். "செய்யப்போற பாவத்துக்கு முன்கூட்டி மன்னிப்புக் கிடையாது, அது எனக்குத் தெரியும். எண்டாலும் உமக்குச் சொல்லாமல் போக மனம் கேக்கேல்ல. என்ர ஒரே பிள்ளை."

பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் முக்காலி இடைவெளிக்குக் கிட்ட நகர்ந்தது.

"லீவு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை அண்ணை" என்றாள் லியூ. "ஆனால் மன்னிக்கும் அதிகாரத்தை நீங்களாகத்தானே எனக்குத் தந்தீர்கள். அதைப் பற்றித் தலைமையகம் ஒன்றும் எழுதவில்லை. சரி, போங்கள்."

அபராதம் என்ன என்று ஹென்றி கேட்டார். நாளைக்கு அழாமல் இருக்க வேண்டும் என்றாள். அந்த அபராதத்தை அவர் மறுநாள் நிறைவேற்றவில்லை.

மறுநாள் காலை தென்காற்றார் தன் படப்பிடிப்பாளரோடு புவாண்ட்-கிளேரில் வந்து இறங்கியபோது களஞ்சியத்தில் ஈ காக்காய்கூட இல்லை. சிவப்பு மேற்சட்டையோடு லியூ மட்டும் வாசலில் நின்றாள். இன்றைய பண்பாட்டு நிகழ்ச்சி வெளியிடத்தில் நடக்கிறது என்று சொல்லி அவரைக் காரில் ஏற்றினாள். அது பொய்யும் அல்ல.

ஷெரோனைக் கையில் பிடித்துக்கொண்டு கோவில் நடுவால் நடந்த ஹென்றி, கடைசி வாங்கில் அந்தச் சிவப்புச் சட்டையைக் கண்டார். பக்கத்தில் நரைத்த தலையோடு, கறுத்தக் கோட்டில் ஒரு பெரிய மனிதர். ஹென்றி நடுவழியில் நின்றுவிட்டார். ஷெரோன் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள், பிறகு கால் தானாக நடந்தது.

கடைசி வாங்கில் நடந்ததை லியூ பிறகு சொன்னாள். தென்காற்றார் முதலில் திகைத்துத்தான் போயிருக்கிறார். சனம் எழும்ப அவரும் எழும்பினார், சனம் முழந்தாளிட அவரும் கொஞ்சம் பிந்தி முழந்தாளிட்டார். ஒரு குரல் கேட்க, மொத்தக் கோவிலும் ஒரே வாயாகப் பதில் சொன்னது. பதில் சொல்லாதவர்களுக்கு எவ்வளவு புள்ளி வெட்டுவீர்கள் என்று லியூவிடம் காதோடு கேட்டார். வெட்டுவதில்லை என்றாள். எவ்வளவு காலமாக இந்தப் பண்பாட்டை வளர்க்கிறார்கள் என்று கேட்டார். இரண்டாயிரம் வருடம் இருக்கும் என்றாள். நமது ஐந்தாண்டுத் திட்டம் போதாது என்று அவர் பெருமூச்சு விட்டார். மணமக்களிடம் சுவாமியார், யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்டதை அவள் மொழிபெயர்த்தபோது மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லையாம்.

மண்டபத்தில் அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். பெரிய இடத்து ஆளை வைத்துக்கொண்டு பேச விடாமல் அனுப்புகிற வழக்கம் நம்மவரிடம் இல்லை. அவர் சீனத்தில் பேச, லியூ பிரெஞ்சில் சொன்னாள்.

"நண்பர்களே, உலகம் முழுவதும் கிளைகள் பார்த்திருக்கிறேன். ஓர் ஊழியரின் மகளின் திருமணத்தையும் கம்பனியின் பண்பாட்டு நிகழ்ச்சியாக மாற்றிய கிளையை இன்றுதான் பார்க்கிறேன். நமது கம்பனி ஒரு குடும்பம். அதனால்தான் உங்களுக்கு இன்னொரு குடும்பத்துக்கு நேரம் தேவைப்படுவதில்லை. நான் இதை வாயால் மட்டும் சொல்பவன் அல்ல. என் மகளின் திருமணத்தை நான் இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் கைபேசியில் பார்த்தேன். முக்கியமான கட்டத்தில் இணைப்பு அறுந்துவிட்டது. நான் திரும்ப அழைக்கவில்லை. காலாண்டு அறிக்கை காத்திருந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த உழைப்பாளர் விருது எனக்குக் கிடைத்தது. கண்ணாடியில் செய்த கொக்கு அது. இன்றும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால், வருகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்."

இந்த இடத்தில் கைதட்டல் வரவேண்டும். தென்காற்றார் அதற்காகக் காத்து நின்றார். மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. ஜெயனியக்கா எழும்பிப் போய் அவர் தட்டில் இன்னும் இரண்டு அகப்பை பிரியாணி போட்டார். ஆட்டிறைச்சித் துண்டாகப் பார்த்துத் தேடிப் போட்டார். "பாவம் மனுசன்" என்று லியூவிடம் சொன்னார். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

கேக் வெட்டி ஆட்டம் தொடங்கிய பிறகு, யாரோ ஹென்றியின் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். தென்காற்றார். மண்டபத்தின் மூலையில் அடுக்கி வைத்திருந்த கதிரைகளுக்குப் பின்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று நிலத்தைப் பார்த்தபடி சீனத்தில் பேசத் தொடங்கினார். நிறையப் பேசினார். ஹென்றிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முகத்தை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பேசுவதை அவர் கோவிலிலும் களஞ்சியத்திலும் எத்தனையோ தரம் கண்டிருக்கிறார். பேசி முடித்த துணைத் தலைவர் போகாமல் நின்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பது விளங்க ஹென்றிக்குச் சீனம் தேவைப்படவில்லை.

"சரி, போங்கோ" என்றார் தமிழில். பிறகு தென்காற்றாரின் சட்டைப் பையிலிருந்த கைபேசியைத் தொட்டுக் காட்டினார். "அங்க இப்ப விடிஞ்சிருக்கும். பிள்ளைக்கு ஒருக்கா எடுங்கோ. அதுதான் அபராதம்."

தென்காற்றார் கைபேசியை எடுத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்குப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அங்குமிங்கும் நடப்பது தெரிந்தது. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஜூன் மாதத்துக் குளிர் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று ஹென்றி பேசாமல் இருந்துவிட்டார்.

இனி எல்லாம் மாறிவிடும் என்று றெனோல்ட் நம்பினான். அவன் மனிதர்களை அறிவான், கம்பனிகளை அறியான். அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. மொன்றியல் முறையின் மாபெரும் வெற்றியைத் தொடர்ந்து, உலகெங்கும் உள்ள கிளைகள் அனைத்திலும் பெட்டிகளால் ஆன மறைப்பு ஒன்று அமைக்கப்படும். அதன் நீள அகலம் இணைப்பில் உள்ளது. அங்கே சென்று மனம் திறப்பது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். விரும்பாதவர்களின் பெயர் பதிவு செய்யப்படும். மேலும், இத்தனை உற்சாகத்தின் நடுவே, லீவு துறக்கும் சத்தியத்தை எல்லாக் கிளைகளும் திங்கட்கிழமை படப்பிடிப்போடு புதுப்பிக்க வேண்டும். முன்னோடிக் கிளையாகிய மொன்றியல் தொடங்கி வைக்கும்.

திங்கட்கிழமை காலை நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஹரிபிரசாத் படக்கருவியைச் சரிசெய்தார். லியூ பிரெஞ்சுக் கேள்வியை வாசித்துவிட்டு, வழமைபோல ஹென்றியைப் பார்த்தாள். ஹென்றி முன்னால் வந்தார். சட்டையில் குத்தியிருந்த கொக்கை ஒருதரம் நேராக்கினார். அதே குரல், அதே ராகம்.

"பிள்ளையளின்ர கலியாணம், முதல்நன்மைப் பூசை, சொந்தத்துக்க செத்தவீடு, இதுக்கெல்லாம் லீவு எடுப்பம் எண்டு வாக்குக் குடுக்கிறீங்களா?"

பழக்கத்தில் திறந்த நாற்பது வாய்களும் ஒரு நொடி அப்படியே நின்றன. இவ்வளவு காலத்தில் முதல்தடவையாகக் கேள்வி அவர்கள் காதில் ஏறியது.

"குடுக்கிறோம்" என்றார்கள். நெடுஞ்சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"காய்ச்சல் வந்தால் வீட்டில படுத்திருப்பம் எண்டு வாக்குக் குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறோம்."

ஹென்றி ஒருமுறை திரும்பி லியூவைப் பார்த்தார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார். "புதுவருசத்துக்கு அம்மாவிட்டப் போவம் எண்டு வாக்குக் குடுக்கிறீங்களா?"

குடுக்கிறோம் என்றது களஞ்சியம். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, ஹென்றியின் முதுகுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் பிந்தி, தமிழ் தெரியாத ஒரு குரல் அதே சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொன்னது. ஹென்றி திரும்பியபோது லியூவின் கை நெஞ்சில் இருந்தது.

ஹரிபிரசாத் சிரிப்பை அடக்கியபடி படத்தை அனுப்பினார். தலைமையகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. மொன்றியல் கிளை இம்முறை முன்னைவிட உணர்ச்சியோடு சத்தியம் செய்திருப்பதாகவும், அது மற்றக் கிளைகளுக்கு முன்மாதிரி என்றும் பாராட்டு வந்தது. அந்தப் படத்தை எல்லாக் கிளைகளிலும் போட்டுக் காட்டினார்களாம்.

சனம் வேலைக்குக் கலைந்த பிறகு லியூ ஹென்றியின் பக்கத்தில் வந்து நின்றாள். நான் எதற்கு வாக்குக் கொடுத்தேன் என்று கேட்டாள். ஹென்றி சொன்னார்.

அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, வாக்கு என்றால் வாக்குத்தானே அண்ணை என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றார் ஹென்றி. "அதுவும் நெஞ்சில கைவச்சுச் சொல்லிப்போட்டீர்."